பதினாறு குதிரைகளும் ஒரு சிலிக்கோன் தட்டும்

இரண்டு வயதும் இரண்டு மாதமும் ஆன என் பேத்தி ஒரு மதியம் தன் தட்டை ஒற்றை விரலால் மேசை விளிம்பை நோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். பார்வை தட்டில் இல்லை, என் முகத்தில் இருந்தது. தட்டு பாதிக்குமேல் வெளியே வந்து ஆடியது. "வேணாம்டா கண்ணு" என்றேன். அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தாள் போலிருக்கிறது. பிசைந்த சோறு வெதுவெதுப்பாக என் கால் விரல்களுக்கு நடுவே வந்து இறங்கியது. அந்த வாரத்தில் அது நான்காவது முறை.

அன்றிரவு என் மகள் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். "அப்பா, இது மேசையோட ஒட்டிக்குமாம். புள்ளைங்களால எடுக்கவே முடியாதாம். வாங்கட்டுமா?"

முப்பத்தோரு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். யாராவது "முடியாதாம்" என்றால் கை பரபரக்கும். வாங்கு என்றேன்.

ஏழு மாதமாக தினம் மூன்று வேளை புழங்கிய பிறகு இதை எழுதுகிறேன். இதே தட்டுக்கு வந்து சேர்ந்த மறுநாளே ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் ஒரு பத்தொன்பது நாளாவது பொறுத்திருக்கலாம். ஏன் பத்தொன்பது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பொருள். மூன்று குழி வைத்த தட்டு. ஒரு பெரிய குழி, இரண்டு சின்னவை. கையில் எடுத்தால் கனமாக, கொழகொழவென்று வளையும். அடியில் சுமார் 9 செ.மீ. விட்டத்தில் குடையைக் கவிழ்த்ததுபோல ஒரு வளையம். அதன் ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பெரியவர்கள் அந்த நாக்கைத் தூக்கினால் உள்ளே காற்றுப் புகுந்து தட்டு கழன்றுவிடும். கூடவே ஒரு மூடியும் ஒரு கரண்டியும் வந்தன. அட்டையில் "சிலிக்கான்" என்று போட்டிருக்கிறார்கள். வாத்தியார் புத்தி, விடமாட்டேன் என்கிறது: சிலிக்கான் என்பது மணலில் இருக்கும் தனிமம். இந்தத் தட்டு சிலிக்கோன், அந்தத் தனிமத்தை ஆக்ஸிஜனோடும் கரிமச் சேர்மங்களோடும் கோத்துச் செய்த ரப்பர் போன்ற பொருள். கொதிநீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது, கீழே விழுந்தாலும் உடையாது. அந்த இரண்டுக்காக மட்டும் வாங்கினால் ஏமாற்றமில்லை.

வந்த அன்று பேத்தி தூங்கியதும் என் பழைய சுருள்வில் தராசைப் பரணிலிருந்து எடுத்தேன். தட்டின் விளிம்புக்கு அடியில் நாடாவைக் குறுக்காகச் சுற்றி, தராசின் கொக்கியில் மாட்டி, நேர் மேலே இழுத்துப் பார்த்தேன். கண்ணாடி மேசையில் 7 கிலோவரை அசையவில்லை. லேமினேட் ஒட்டிய சாப்பாட்டு மேசையில் ஆறரை. அவளுடைய உயர நாற்காலியின் பிளாஸ்டிக் பலகையில் 5 கிலோ தாண்டியபோது தட்டு கழலவில்லை, பலகையே கழன்று கையோடு வந்தது. மரத்தின் ரேகை தெரியும்படி மெருகிட்ட சிறுமேசையில் ஒரு கிலோகூடத் தாங்கவில்லை. ரேகைப் பள்ளம் வழியாகக் காற்றுப் புகுந்து பத்து விநாடியில் தானாகக் கழன்றது. வளையத்துக்கு அடியில் ஒரே ஒரு சோற்றுப் பருக்கையை வைத்து அழுத்தினேன். ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. வளையத்தின் ஓரத்தைத் தண்ணீரில் தொட்டு ஒட்டினால் நன்றாக நிற்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வழுக்கிக்கொண்டே போகிறது.

"பேத்திக்குச் சோறு ஊட்டச் சொன்னா இவரு தட்டுக்கு எடை போட்டுட்டிருக்காரு" என்று என் மனைவி யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எடை போட்டதற்குக் காரணம் உண்டு. தட்டை மேசையோடு சேர்த்து வைப்பது அந்த ரப்பர் இல்லை, நம்மைச் சுற்றியிருக்கும் காற்று. அழுத்தும்போது குடைக்குள் இருந்த காற்று வெளியேறுகிறது. குடை மறுபடி நிமிரப் பார்க்கும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று மேலிருந்து அமுக்குகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ கணக்கு. 9 செ.மீ. வட்டம் என்றால் 64 சதுர செ.மீ. உள்ளே துளி காற்றும் இல்லாவிட்டால் 60 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். கையால் அமுக்கி அவ்வளவு காற்றை வெளியேற்ற முடியாது, அதனால் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அதுவே தாராளம் என்று நினைத்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பாடத்துக்கு நான் எப்போதும் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஜெர்மனியில் மாக்டபர்க் நகரத்து மேயர் ஓட்டோ வான் கெரிக். காற்றை உறிஞ்சும் பம்ப்பைச் செய்தவர். 1650-களில் சுமார் அரை மீட்டர் விட்டமுள்ள இரண்டு செம்பு அரைக்கோளங்களைச் சேர்த்துவைத்து, உள்ளேயிருந்த காற்றை வெளியே எடுத்துவிட்டு, பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு குதிரைகளைப் பூட்டி இழுக்கவைத்தார். பிரிக்கமுடியாமல் குதிரைகள் திணறின. (ஒரு பக்கத்தைச் சுவரில் கட்டிவிட்டு மறுபக்கம் எட்டுக் குதிரைகளை மட்டும் பூட்டியிருந்தாலும் இழுவிசை அதேதான். ஆனால் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குப் பதினாறு குதிரை என்றால்தானே பிடிக்கும்.) பிறகு வால்வைத் திறந்து காற்றை உள்ளே விட்டால் கோளம் கையாலேயே பிரிந்துவிடும். இந்த வால்வு சமாச்சாரத்தை நான் வகுப்பில் வேகமாகக் கடந்துவிடுவேன். தப்பு.

முதல் நாள் காலை. தட்டை நாற்காலிப் பலகையில் அழுத்தி ஒட்டினேன். பெரிய குழியில் சோறு, சின்னதில் ஒன்றில் வேகவைத்த கேரட், இன்னொன்றில் வாழைப்பழம். வழக்கம்போல ஒரு விரல் வந்தது. தள்ளினாள். நகரவில்லை. முகத்தில் ஒரு சின்ன யோசனை. இரண்டு கையாலும் தள்ளினாள். பலகையின் விளிம்பில் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தாள். பிறகு தட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தாள். நெற்றியில் சோறு ஒட்டியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதாவது அப்படி நடித்தேன். ஒரு நிமிடம் அமைதி. அப்புறம் ஒரு கேரட் துண்டை எடுத்து மிக நிதானமாக, கையை நன்றாக நீட்டி, தரையில் போட்டாள்.

தட்டை வாங்க நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தட்டு எறிவதைத்தான் இது தடுக்கும். சோறு எறிவதைத் தடுக்காது.

ஆனால் ஒரு காரியம் நடந்தது. அதற்கு முந்தைய ஆறேழு மாதம் நான் சாப்பாடு கொடுத்த கோலத்தைச் சொல்ல வேண்டும். இடது கை தட்டைப் பிடித்திருக்கும். வலது கையில் கரண்டி. முழங்கால் நாற்காலிக்கு அண்டை கொடுத்திருக்கும். கண் அவள் வாயில். என் மனைவியின் முறை வந்தால் கிண்ணத்தோடு வீடு முழுக்கத் துரத்தல், கட்டிலுக்கடியில் ஒரு வாய், கதவுக்குப் பின்னால் ஒரு வாய், போனில் ஏதாவது ஓடவிட்டு மிச்சத்தை அவளறியாமல் ஊட்டல். ஒரு வேளைக்கு ஐம்பது நிமிடம். முடியும்போது மூன்று பேருக்குமே அழுகை வரும்.

தட்டு ஒட்டிக்கொண்டதும் என் இடது கைக்கு வேலை போய்விட்டது. வெறுங்கையோடு அவளையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் சங்கடம். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, என் மனைவி என் தட்டையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டாள். "சூடு ஆறுதுங்க, நீங்களும் சாப்பிட்டுடுங்க." அதற்கு முன்பெல்லாம் பேத்தி சாப்பிட்டு முடித்த பிறகுதான் என் சாப்பாடு. அன்று பசித்தது, சாப்பிட்டேன். என் தட்டில் பட்டாணி இருந்தது. அவள் தட்டிலும் அதே பட்டாணி, அதே பாத்திரத்திலிருந்து எடுத்தது. அவள் தன் பட்டாணியைத் திரும்பியும் பார்க்கவில்லை. என் தட்டுக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தாள். நசுக்கினாள். தோலை மட்டும் உரித்து எனக்கே திருப்பிக் கொடுத்தாள். உள்ளே இருந்ததை நாக்கால் தொட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள். அவ்வளவுதான். ஆனால் ஒரு பட்டாணி அவள் நாக்கைத் தொட்டது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை.

இதை மகளிடம் சொன்னபோது அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநரைப் பற்றிச் சொன்னாள். அவர் சாப்பாட்டுப் பொறுப்பை இரண்டாகப் பிரிக்கிறார். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பாடு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பாடு. "இத்தனை நாளும் நீங்க அவ வேலையைப் பாத்துட்டிருந்தீங்கப்பா. உங்க தட்டைப் பாத்து நீங்க சாப்பிடுங்க."

என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும்? விட்டா வாழைப்பழத்துலயே வளந்துடும்." அவள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. அவள் கையால் இரண்டு பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள்.

மருத்துவர்தான் நடுவே வந்தார். எடைப் பதிவை விரித்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக் காட்டினார். பிறந்தபோது 3 கிலோ. ஒரு வயதில் 9. மூன்று மடங்கு. அடுத்த முழு வருடத்தில் கூடியது இரண்டரைக்கும் கீழே. "முதல் வருஷம் போல வளர்ந்துக்கிட்டே போனா ஆறு வயசுல யானை ஆயிடும்மா. வளர்ச்சி மெதுவானா பசியும் குறையும், அது இயல்பு" என்றார். ஒரு வயதில் தட்டை வழித்துச் சாப்பிட்ட பிள்ளை ஒன்றரை வயதில் வாயை மூடிக்கொள்வதற்குப் பாதிக் காரணம் இது. மறுபாதி, புதிதாகத் தெரியும் எதையும் வாயில் வைக்க மறுக்கும் பயம். நடக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை கண்டதையெல்லாம் வாயில் போடாமல் இருக்க அது நல்லதுதான் என்று எனக்குத் தோன்றும். நாம் சமைத்துவைத்த கீரையும் அந்தக் கண்டதில் சேர்ந்துவிடுகிறது, அதுதான் வருத்தம். பிறகு மருத்துவர் பால் எவ்வளவு குடிக்கிறாள் என்று கேட்டார். நாங்கள் மூவரும் தனித்தனியாகக் கொடுத்ததைக் கூட்டியபோது ஒரு நாளைக்கு ஒரு லிட்டரை நெருங்கியது. வயிறு நிறையப் பாலை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை சோறு கேட்கும்? அரை லிட்டருக்குள் நிறுத்தச் சொன்னார். அளவு மீறினால் பசி கெடுவதோடு இரும்புச் சத்தும் குறையும் என்றார். அந்த ஒரு மாற்றம் தட்டைவிட அதிக வேலை செய்தது. விமர்சனத்தில் இதைச் சொல்லாமல் விட்டால் தட்டுக்குக் கிடைக்காத பேரை நான் கொடுத்ததாகிவிடும்.

தட்டின் குழிகளுக்கு வருகிறேன். நான் கேலியாக நினைத்த விஷயம் இதுதான், கடைசியில் மிகவும் பிடித்துப்போனதும் இதுதான். குழிகள் சின்னவை. சின்னக் குழியில் இரண்டு மேசைக்கரண்டி போட்டாலே நிறைந்துவிடும். பிள்ளையின் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி, இரண்டு வயதுக்கு இரண்டு, ஒவ்வொரு வகையிலும் அவ்வளவு வைத்தால் போதும், கேட்டால் மறுபடி போடலாம் என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்லும் ஒரு தோராய அளவு. நாங்கள் அதற்கு முன் வைத்துக்கொண்டிருந்தது அதைப்போல மூன்று மடங்கு. மலைபோல் குவித்துவைத்து "எல்லாம் உனக்குத்தான்" என்றால் நானே எழுந்து ஓடிவிடுவேன்.

ஒன்றோடொன்று தொடாமல் இருப்பது அடுத்த லாபம். தயிர் வழிந்து கேரட்டைத் தொட்டுவிட்டால் என் பேத்திக்கு இரண்டும் செத்துப்போன பண்டம். குழிக்கு நடுவே சுவர் இருப்பதால் ஒரு குழியில் எப்போதும் அவள் நிச்சயம் சாப்பிடும் ஒன்று, இன்னொன்றில் சந்தேகமான ஒன்று என்று வைக்க முடிந்தது. சுவர் உயரம்தான் போதாது. தண்ணீராக ஏதாவது ஊற்றினால் பிள்ளை பலகையை ஒரு தட்டு தட்டியதும் எல்லாம் ஒன்றாகிவிடும்.

சந்தேகக் குழியின் கணக்கை நான் நாட்காட்டியில் எழுதிவந்தேன். வகுப்பில் வருகைப் பதிவு எடுத்த பழக்கம். பட்டாணி: ஐந்து தடவை எறிந்தாள், இரண்டு தடவை எண்ணி விளையாடினாள், மூன்று தடவை வாயில் போட்டுத் துப்பினாள், ஒரு தடவை எனக்கு ஊட்டினாள். பன்னிரண்டாம் தடவை இரண்டு பட்டாணியை விழுங்கிவிட்டு எதுவும் நடக்காததுபோல இருந்தாள். நாங்களும் எதுவும் நடக்காததுபோல இருந்தோம். மனைவி மட்டும் சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். லீயன் பர்ச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1982-இல் இரண்டு வயதுப் பிள்ளைகளிடம் இதையேதான் பார்த்தார். புதுப் பண்டத்தை எத்தனை தடவை ருசி பார்க்கிறார்களோ அதற்கேற்ப விருப்பம் கூடியது. மூன்று தடவை வைத்துப் பார்த்துவிட்டு "இவளுக்குப் பட்டாணி பிடிக்காது" என்று நாங்களே தீர்ப்பு எழுதியிருந்தோம். முட்டை? இதுவரை இருபத்திரண்டு தடவை. இன்னும் எறிகிறாள். எல்லாக் கதையும் பட்டாணிக் கதைபோல முடிவதில்லை.

பத்தொன்பதாம் நாள் என்று சொன்னேனே. மாலை நேரம். சாப்பிட்டு முடித்திருந்தாள். நான் தட்டைக் கழற்ற நாக்கைப் பிடித்துத் தூக்கினேன். அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை அவள் முன்னால் அதைச் செய்யக்கூடாது என்று கவனமாக இருந்தேன், அன்று மறந்துவிட்டேன். மறுநாள் காலை தட்டை ஒட்டி, சோறு வைத்து, நான் உட்காருவதற்குள், ஆள்காட்டி விரலை விளிம்புக்குக் கீழே விட்டுத் தடவி, நாக்கைக் கண்டுபிடித்து, மேலே நெம்பினாள். ப்ளக். 7 கிலோ தாங்கிய தட்டு ஒரு விரலுக்குக் கழன்றது. தட்டை இரண்டு கையாலும் தூக்கித் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு "தாத்தா!" என்று கூவினாள். கெரிக்கின் பதினாறு குதிரைகளுக்கும் யாராவது வால்வைக் காட்டியிருந்தால் அப்படித்தான் கனைத்திருக்கும்.

நாக்கை எதிர்ப்பக்கம் திருப்பி ஒட்டிப் பார்த்தோம். அதில் பன்னிரண்டு நாள் ஓடியது. பிறகு தட்டின்மேல் கவிழ்ந்து அணைத்து அந்தப் பக்கம் கைவிட்டாள். ஒட்டும் திறனை மட்டும் நம்பி வாங்குபவர்களுக்கு இதுதான் என் கணக்கு: ஒரு வயதுப் பிள்ளை என்றால் பல மாதம் வரும். இரண்டு தாண்டிய பிள்ளை என்றால் ஒரு மாதம். நாக்கு இல்லாமல் செய்யும் தட்டுகளும் உண்டு, அவற்றைப் பெரியவர்கள் கழற்றவே கத்திமுனை தேவைப்படும் என்று ஒரு நண்பர் அலுத்துக்கொண்டார்.

குறைகள் இன்னும் இருக்கின்றன. மூன்றாம் மாதத்திலிருந்து தட்டில் சோப்பு வாசனை தங்க ஆரம்பித்தது. சிலிக்கோன் எண்ணெயையும் மணத்தையும் உள்ளே இழுத்துவைத்துக்கொள்ளும். ஒரு நாள் வாழைப்பழத்தை வாயில் வைத்துத் துப்பினாள். பிடிவாதம் என்று நினைத்தேன். பிறகு நானே அந்தக் குழியிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டேன். எலுமிச்சை மணம் போட்ட பாத்திரச் சோப்பு ருசி. பாவம், இத்தனை நாள் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். மணமில்லாத சோப்பை ஒரு சொட்டு மட்டும் விட்டுக் கழுவி, வாரம் ஒருமுறை கொதிநீரில் பத்து நிமிடம் போட்டுவைத்தால் வாசனை போய்விடுகிறது. உங்கள் பிள்ளை திடீரென்று பழகிய பண்டத்தை மறுத்தால், முதலில் தட்டை நக்கிப் பாருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

கேரட், தக்காளி நிறம் ஏறிவிடும். வெயிலில் காயவைத்தால் மங்குகிறது. அடியில் வளையம் மடியும் இடத்தில் தண்ணீர் தங்கும். கவிழ்த்துவைத்து உலர்த்தாவிட்டால் வழவழவென்று ஆகிவிடும். தூசி, தலைமுடி எல்லாவற்றையும் காந்தம்போல இழுக்கிறது. கூட வந்த மூடி எந்தக் காலத்திலும் சரியாகப் பொருந்தியதில்லை, இப்போது பொம்மைக்குத் தொப்பி. கரண்டியின் பிடி நீளமாக, மெல்லியதாக இருந்தது. கை முழுக்க மூடிப் பிடிக்கும் வயதுக்கு அது உதவாது. குட்டையாக, தடியாகப் பிடி வைத்த கரண்டியைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு செலவில்லாத சமாச்சாரம். அவள் நாற்காலியில் கால் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உயரமான முக்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்து அரைமணி நேரம் சாப்பிட்டுப் பாருங்கள், நெளிவீர்கள். பழைய புத்தகங்களை அட்டைப் பெட்டியில் நிரப்பி, காலுக்கு அடியில் வைத்தேன். பாதம் ஊன்றிக்கொண்டதும் நெளிவது குறைந்தது. இருபது நிமிடம் உட்காருகிறாள். அதற்குமேல் நாங்களும் உட்காரவைப்பதில்லை.

கை சும்மா இருக்கிறது என்பதற்காகத் தட்டை ஒட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடக் கூடாது. முழு திராட்சை, முழுக் கடலை, கெட்டியான பச்சைக் கேரட் இதெல்லாம் இந்த வயதுக்கு ஆபத்து. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். புரை ஏறினால் பிள்ளை இருமும், சத்தம் போடும். தொண்டையை முழுக்க அடைத்துக்கொண்டால் சத்தமே வராது. அதனால்தான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கச் சொல்கிறேன். எடை கூடாமல் நின்றுவிட்டது, இறங்குகிறது, ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் இருமல், நேற்றுவரை சாப்பிட்டதெல்லாம் ஒவ்வொன்றாக நின்றுகொண்டே வருகிறது என்றால் தட்டுக்கடைக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

மனைவியின் சந்தேகத்துக்கு ஒரு பழைய சோதனையைத்தான் பதிலாக வைத்தேன். கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1920-களில் தொடங்கிச் செய்தது. பதினைந்து குழந்தைகள். முப்பத்து நான்கு வகை எளிய உணவுகளிலிருந்து வேளைக்குச் சில கிண்ணம் முன்னால் வைத்துவிடுவார்கள். செவிலியர் பக்கத்தில் கரண்டியோடு அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தை ஒரு கிண்ணத்தைக் காட்டினாலோ கை நீட்டினாலோ மட்டும் கொடுக்கலாம். நல்லது, கெட்டது, இன்னும் கொஞ்சம் என்று வாய்திறக்கக் கூடாது. ஒரு வேளை ஒன்றையே கட்டிக்கொண்டு சாப்பிட்ட குழந்தைகள்கூட மாதக் கணக்கில் பார்த்தபோது நன்றாகவே வளர்ந்தன. மனைவி முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள். "அந்த முப்பத்து நாலுல பிஸ்கட் இருந்துச்சா?" இல்லை. சர்க்கரையே கிடையாது. டேவிஸும் தன் சோதனையின் சூட்சுமம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். "அப்ப என்ன வைக்கணும்னு நாமதானே முடிவு பண்ணணும்" என்று எழுந்து போய், அலமாரியில் இருந்த பிஸ்கட் டப்பாவை ஒரு தட்டு மேலே ஏற்றிவைத்தாள். சாட்டர் சொன்னதும் அதேதான் என்று நான் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்ததாக இருக்கட்டும்.

மூன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்று, ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு, வழவழப்பான மேசை இருக்கும் வீட்டுக்கு, தாராளமாக வாங்கலாம். மரமேசைக்காரர்கள், இரண்டரை வயது தாண்டிய பிள்ளை வைத்திருப்பவர்கள், குழி வைத்த சாதாரணத் தட்டே வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையைச் சாப்பிடவைக்கும் என்று நம்பி யாரும் வாங்க வேண்டாம். இது தட்டு.

இப்போது பேத்திக்கு இரண்டே முக்கால் வயது. தட்டைக் காலையில் தண்ணீரில் தொட்டு அவளே ஒட்டுகிறாள், உள்ளங்கையால் நான்கு அடி அடித்து. சாப்பிடும் நடுவில் கழற்றுவதில்லை. போதும் என்று ஆனதும் விரலை அடியில் விட்டு, ப்ளக், தட்டை என்னிடம் நீட்டுகிறாள். சில நாள் மிச்சம் இருக்கும், சில நாள் வழித்திருக்கும். வாங்கிக்கொள்கிறேன். போன வாரம் நான் மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. இறங்கி என்னிடம் வந்து, என் எவர்சில்வர் தட்டுக்கு அடியில் விரலை விட்டு, சுற்றிச் சுற்றித் தேடினாள்.

"தாத்தா, நாக்கு எங்க?"